இரண்டு மலைக் கொழுந்து, ஒரு சோதனை: கேள்வி பதில்

ஹட்டன் மாணவி: சேர், ஒரே நாளில் வீபீ தேயிலை (வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த தேயிலை) மலையில், அதாவது தோட்டத்தின் அந்தப் பகுதியில், 50 பேரின் கொழுந்தை நிறுத்தேன். இடை (சராசரி) 20.4 கிலோ, நியம விலகல் (எடைகள் இடையைச் சுற்றிச் சிதறும் அளவு) 3. விதைத் தேயிலை மலையில் வேறு 50 பேர், இடை 18.8, நியம விலகல் 4. வித்தியாசம் இருக்கிறது என்று எழுதலாமா?

1.6 கிலோ கண்ணுக்குத் தெரிகிறது, சரி. ஆனால் வேறு 50 பேரை நிறுத்தால் அதே 1.6 வராது. அது எவ்வளவு ஆடும் என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். நியம விலகலை வர்க்கித்து ஆள் தொகையால் வகுங்கள். 9ஐ 50ஆல் வகுக்க 0.18, 16ஐ 50ஆல் வகுக்க 0.32. கூட்டினால் 0.5, அதன் வர்க்கமூலம் 0.707. வித்தியாசம் எவ்வளவு ஆடும் என்று சொல்லும் நியம வழு அதுதான். 1.6ஐ அதனால் வகுத்தால் இசட் பெறுமானம் 2.26.

இரு இடைகளும் சமம் என்பது சூனியக் கருதுகோள். 5% பொருண்மை மட்டத்தில் (இடைகள் சமமாக இருந்தும் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பு 5%), கூடுதல், குறைவு என இரு பக்கமும் பார்க்கும் இருவால் சோதனைக்கு எல்லை 1.96. தாண்டிவிட்டது, நிராகரிக்கலாம். அதோடு விட்டுவிடாதீர்கள்; உண்மை வித்தியாசம் எதற்குள் இருக்கலாம் என்று காட்டும் 95% நம்பிக்கை ஆயிடையையும் எழுதுங்கள். ஏறத்தாழ 0.2 முதல் 3.0 கிலோ வரை வரும். 200 கிராமும் 3 கிலோவும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒன்றல்லவே!

தலவாக்கலை வாசகர்: எடைகள் செவ்வன் பரம்பலில் (நடுவில் குவிந்து இருபக்கமும் சமமாகக் குறையும் மணி வடிவில்) இல்லையே?

மாதிரி பெரிதென்றால் மைய எல்லைத் தேற்றம் கைகொடுக்கும். இடைகளின் பரம்பல் செவ்வனை நெருங்கும். 30 போதும் என்பார்கள். தரவு ஒரு பக்கமாக மிகவும் சரிந்திருந்தால் 30ஐ நான் நம்பமாட்டேன்.

பண்டாரவளை மாணவர்: என்னிடம் இருப்பது 10 அக்காமாரின் எடை. வீபீ மலையில் 5 நாள், விதைத் தேயிலை மலையில் 5 நாள். மலைக்கு 50 எடை வருகிறதே, இதே சோதனையைச் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். என் அம்மா கொழுந்து எடுத்தவர். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வாதில் ஓடும், பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் விழும். எந்த மலைக்குப் போனாலும் அந்த வேகம் அவரோடுதான் போகும். ஆகவே அவருடைய 5 நாள் எடைகள் ஐந்து புதிய ஆட்களுடைய எடைகள் ஆகா. உங்களிடம் இருப்பது 10 பேர்தான். இரண்டு மலையிலும் அதே ஆட்கள் என்பதால் மாதிரிகள் ஒன்றையொன்று சாராதவையும் அல்ல.

ஆனால் தரவை வீசிவிட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் மலைவாரியாகச் சராசரி எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். கிடைக்கும் 10 வித்தியாசங்களுக்கு, ஒரே ஆளின் இரு அளவுகளை ஒப்பிடும் சோடி டி சோதனை செய்யுங்கள். ஆளுக்கு ஆள் மாறும் கைவேகம் அந்தக் கழித்தலிலேயே பெரும்பாலும் போய்விடும்.

நுவரெலியா வாசகி: செக்ரோலில் (தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில்) இருப்பது கூடைக்கென்று கழித்த பிறகு மிஞ்சும் எடை. அதைப் பாவிக்கலாமா?

எல்லோருக்கும் ஒரே 2 கிலோ கழித்திருந்தால் இடைகளின் வித்தியாசமும் மாறாது, நியம விலகலும் மாறாது. ஒரு மலையில் மழை பெய்து, ஈரக் கொழுந்தென்று அங்கே மட்டும் கூடுதலாகக் கழித்திருந்தால் கதை வேறு. சோதனை காட்டும் வித்தியாசம் தேயிலையுடையதா, கழிவுடையதா என்று பிரிக்கவே முடியாது. மடுவத்தில் நின்று, தராசு காட்டும் எடையையும் கழிவையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். மழை பெய்ததா என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.