கூட்டுறவுச் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் பொருளாதாரத்துக்குச் சுமையா?

"லாப நோக்கமில்லாத அமைப்புகளால் பொருளாதாரத்துக்கு என்ன பயன், அடுத்தவர் பணத்தில் ஓடுபவைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு சங்கத்தில் பணம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருப்பீர்கள் போல. கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு கடன் சங்கத்தில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். 'அடுத்தவர் பணம்' என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கூட்டுறவிலும் லாபம் உண்டு, உபரி என்போம். அது யாருக்குப் போகிறது, யார் முடிவெடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய சங்கம் கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் விற்று, மிஞ்சியதை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தது. பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு.

அந்த ஒரே ஓட்டு என்ன செய்யும் என்பதை எங்கள் பேரவைக் கூட்டத்தில் பார்த்தேன். பங்கு ஈவைக் கூட்டித் தர நிர்வாகக் குழு தீர்மானம் கொண்டுவந்தது. ஒரே கைதட்டல். பின்வரிசையில், குறைந்தபட்சப் பங்கு மட்டும் வைத்திருந்த ஓர் அம்மா, ஐந்தொகையில் (சொத்தும் கடனும் காட்டும் ஆண்டுக் கணக்கில்) ஒரு வரியில் விரலை வைத்தபடியே எழுந்தார். "வராக்கடன் போன வருஷத்தைவிடக் கூடியிருக்கு. அதுக்கு ஒதுக்கின தொகை மட்டும் ஏன் குறைஞ்சிருக்கு?" தலைவர் சுற்றிவளைத்துப் பேசினார். அந்த அம்மா உட்காரவில்லை. கைதூக்கி ஓட்டெடுத்ததில் தீர்மானம் தோற்று, பணம் திரும்பாத கடனை ஈடுகட்ட வைக்கும் வராக்கடன் ஒதுக்கீட்டுக்கே போனது. முன்வரிசையில் இருந்த பெரிய பங்குதாரர்களுக்கும் ஆளுக்கு ஒரு கைதான். பிறகு கடன் வசூல் படுத்துவிட்ட ஒரு வருடத்தில், யாருடைய சேமிப்பிலும் கைவைக்காமல் சமாளித்தோம்.

மோசடி நடந்த சங்கங்களைப் பட்டியல் போட யாராவது வருவீர்கள். எனக்கும் தெரியும். நான் பார்த்தவரை, உறுப்பினர்கள் கூட்டத்துக்கே வராத இடங்களில்தான் அது நடந்தது. நொடித்துப்போவதும் உண்டு. தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுகள் சேர்ந்த ஸ்பெயினின் மோந்திராகோன் குழுமத்தில் வீட்டுச் சாதனங்கள் தயாரித்த ஃபகோர் 2013-இல் திவாலானது. ஆனால் அதன் தொழிலாளி-உறுப்பினர்கள் பலரைக் குழுமத்தின் மற்ற கூட்டுறவுகள் வேலைக்குச் சேர்த்துக்கொண்டன.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். எங்களுக்கு நிதி தரும் அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவு அறிக்கை கேட்கிறது. அதைத் தயாரிப்பவரின் சம்பளத்தை மட்டும் 'நிர்வாகச் செலவு' என்று அடித்துவிடுகிறது. பேசிப் பார்த்தால், சேவை மனப்பான்மை வேண்டும் என்கிறார்கள். என் உதவியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நாளெல்லாம் அலைந்துவிட்டு வரும் களப்பணியாளர்கள்தான் ராத்திரி உட்கார்ந்து வவுச்சர் ஒட்டுகிறார்கள். அடுத்த விண்ணப்பத்தில் கணக்காளர் சம்பளத்தைத் திட்டச் செலவாகவே காட்டப் போகிறேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்பேன்.