முழங்கை உயரம்தான் கணக்கு: வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தினமும் 8 மணி நேரம் கணக்கு வேலை பார்க்கிறேன். என் உயரம் 5 அடி 1 அங்குலம். மாலையானால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல வலிக்கிறது. 15,000 ரூபாய்க்குள் நல்ல நாற்காலி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?
*வாசகி, திருச்சி*

பதில்: நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொல்லும் இடத்தில் வரும் வலிக்குப் பெரும்பாலும் மேசையின் உயரம்தான் காரணம். எவ்வளவு விலை கொடுத்து நாற்காலி வாங்கினாலும் மேசை உயரமாகவே இருந்தால் தோள் தூக்கியபடியேதான் இருக்கும்.

முதலில் ஓர் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது துணைக்குக் கூப்பிட்டு இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை ஓர் அளவு. தோளைத் தளர விட்டு, முழங்கையை 90 டிகிரி மடக்கி, உட்காரும் பலகையிலிருந்து முழங்கையின் அடிப்பாகம் வரை இன்னோர் அளவு. உங்கள் உயரத்துக்கு முதல் அளவு 39 செ.மீ. அளவிலும், இரண்டாவது 23 செ.மீ. அளவிலும் இருக்கும். இரண்டையும் கூட்டினால் 62. உங்கள் விரல்கள் வேலை செய்ய வேண்டிய உயரம் இதுதான்.

கடையில் கிடைக்கும் டைனிங் டேபிளின் உயரம் 75 செ.மீ. அதன் நாற்காலி 45 செ.மீ. அதில் உட்காரும்போது உங்கள் முழங்கை 68 செ.மீ. உயரத்தில் நிற்கும். மேசை 75, லேப்டாப்பின் தடிமன் 2. ஆக, 9 செ.மீ. அளவுக்குத் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நாளெல்லாம் டைப் அடிக்கிறீர்கள். கீழே குதிகாலும் தரைக்கு 6 செ.மீ. மேலே தொங்கும். தொடையின் அடிப்பகுதி நாற்காலி விளிம்பில் அழுந்திக் கால் மரத்துப்போவதும் உண்டா என்று கவனித்துப் பாருங்கள். உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரம் தோராயமாக ஆள் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. அந்தக் கணக்குப்படி 75 செ.மீ. மேசை 6 அடி 1 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தவருக்குத்தான் இயல்பாகப் பொருந்தும். நம் வீடுகளில் அப்படி எத்தனை பேர்?

செலவு குறைந்த வழி, மேசையை விட்டுவிட்டு உங்களை உயர்த்துவது. 3 அங்குல ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிய கெட்டி ஃபோம்) வாங்கி நாற்காலியின் அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். இலவம்பஞ்சுத் திண்டு வேண்டாம்; உட்கார்ந்து சிறிது நேரத்திலேயே பாதியாக அமுங்கிவிடும். இப்போது இருக்கை ஏறக்குறைய 52 செ.மீ. ஆகிவிட்டதால், காலுக்குக் கீழே 13 செ.மீ. உயரம் தேவை. ஏ4 தாள் கட்டு ஒன்று 5 செ.மீ. தடிமன். இரண்டு கட்டுகளை அடுக்கித் துணியால் இறுகக் கட்டி, மேலே ஒரு மரப்பலகையையோ சாப்பாட்டு மணையையோ வைத்தால் கணக்கு சரியாக வரும். பிளாஸ்டிக் ஸ்டூல் எல்லாம் மிகவும் உயரம். அதில் கால் வைத்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போய் முதுகு வளைந்துவிடும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பல டைனிங் டேபிள்களில் பலகைக்கு அடியில் சுற்றிலும் 8 செ.மீ. அகலச் சட்டம் ஓடும். நீங்கள் உயர்ந்து உட்கார்ந்ததும் தொடை அதில் இடிக்கும். ஃபோம் வாங்குவதற்கு முன்பே, இருக்கைக்கும் சட்டத்தின் கீழ் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று அளங்கள். ஃபோம் போட்ட பிறகு 16 செ.மீ. ஆவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அந்த மேசை உங்கள் வேலைக்கு ஆகாது.

அப்போது தச்சரிடம் சொல்லித் தனி மேசை போடுவதே நல்லது. 19 மி.மீ. பிளைவுட், 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். முன்பக்கம் இழுப்பறையும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். தாங்கு சட்டம் பின்பக்கம் மட்டும் இருக்கட்டும். உயரம், நீங்கள் உட்காரப்போகும் இருக்கையின் உயரத்தோடு 21 செ.மீ. கூட்டியது. கீபோர்டின் தடிமனுக்காகத்தான் 23இல் 2 கழிகிறது. வீட்டில் பழைய மர மேசை கிடந்தால் காலை அறுத்துக்கொள்ளலாம். அளவைத் தரையிலிருந்து குறிக்காமல், மேல்பலகையின் அடிப்பக்கத்திலிருந்து நான்கு கால்களுக்கும் குறிக்கச் சொல்லுங்கள். தரை வாட்டம் அளவில் ஏறாது. முதலில் கணக்குக்கு 1 செ.மீ. குறைவாகவே அறுத்து, ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு மிச்சத்தை அறுக்கலாம். கூடுதலாக அறுத்ததை ஒட்ட முடியாது.

எந்த வழியில் போனாலும் லேப்டாப்பை அப்படியே வைத்து வேலை செய்தால் பாதிப் பலன்தான். திரையும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால், கை சரியாக இருந்தால் கழுத்து குனியும். கழுத்து நிமிர்ந்தால் கை தூக்கும். லேப்டாப்பை ஸ்டாண்டில் ஏற்றித் திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தனி கீபோர்டும் மவுஸும் கீழே இருக்கட்டும். திரை கை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரத்தில் இருந்தால் போதும்.

மிச்சப் பணத்தில் நாற்காலி. கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள். எவ்வளவு தாழ இறங்கும்? இருக்கையின் ஆழம் எவ்வளவு? ஆழம் 48 செ.மீ. இருந்தால் முதுகு சாய்வைத் தொடும் முன்பே உங்கள் முழங்கால் மடிப்பு விளிம்பில் முட்டிவிடும். பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடியைத் தாழ்த்தி மேசைக்கு அடியில் தள்ள முடிகிறதா என்றும் பாருங்கள். தள்ள முடியாவிட்டால் நீங்கள் விலகி உட்கார்ந்து, கையை எட்டிப் போட வேண்டிவரும்.

கேள்வி: வயது 54. புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருக்கிறேன். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று மானிட்டரை உயர்த்தினேன். கழுத்து வலி கூடிவிட்டது.
*வாசகர், மதுரை*

பதில்: அந்த அறிவுரை உங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. புரோகிரஸிவ் கண்ணாடியில் மேல் பாகம் தூரத்துக்கு, கீழ்ப் பாகம் படிக்க. திரை இருக்கும் நடுத்தூரத்துக்கு உள்ளது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய பகுதி. மானிட்டர் உயர்ந்தால், அந்தப் பகுதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்க வேண்டும். பின்கழுத்து அதைத்தான் தாங்க முடியாமல் சொல்கிறது.

மானிட்டரை இறக்குங்கள். கண்ணை மூடி, தலையைச் சுகமான நிலையில் வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் திரையின் நடுப்பகுதி தெளிவாகத் தெரிய வேண்டும். தாடையைத் தூக்கினால்தான் தெரிகிறது என்றால் இன்னும் இறக்குங்கள். மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே போனாலும் தவறில்லை. திரையின் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்கத் திரை வேலை என்றால் அதற்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்ல முதலீடு. கண்ணிலிருந்து திரை வரை உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போய்ப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 40 செ.மீ. தூரத்தில் படிப்பதற்கு 2.5 டயாப்டர் குவியத் திறன் வேண்டும், 65 செ.மீ. திரைக்கு 1.5 டயாப்டரே போதும். படிக்கும் கண்ணாடியோடு திரையைப் பார்ப்பவர்கள் தங்களை அறியாமல் முன்னால் சாய்ந்துகொண்டே போவதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம்.

கேள்வி: ஜன்னலைப் பார்த்தபடி மேசை. மதியத்துக்குள் கண் எரிந்து தலை வலிக்கிறது. கண் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்றார்கள்.
*வாசகி, ஈரோடு*

பதில்: ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தால் வெளி வெளிச்சத்துக்கும் திரைக்கும் நடுவே கண் ஓயாமல் அல்லாடும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். மேசையைத் திருப்பி, ஜன்னல் இடப்பக்கமோ வலப்பக்கமோ வரும்படி போடுங்கள். எழுதும் வேலை இருந்தால், வலக்கைக்காரருக்கு இடப்பக்க வெளிச்சம் நல்லது. கையின் நிழல் தாளில் விழாது.

அடுத்து, தலையை நிமிர்த்திச் சீலிங் ஃபேனைப் பாருங்கள். சுவரில் டியூப்லைட் ஃபேன் இறக்கைக்கு மேலே இருக்கிறதா? நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது. நிமிடத்துக்கு 350 சுற்று ஓடும் 3 இறக்கை ஃபேன், நொடிக்கு 17 முறை அந்த வெளிச்சத்தை வெட்டும். வெள்ளைத் தாளை மேசையில் வைத்துப் பார்த்தால் நிழல் துடிப்பது தெரிந்துவிடும். விளக்கை இறக்கை மட்டத்துக்குக் கீழே இறக்கச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் அதை அணைத்துவிட்டு ஒரு மேசை விளக்கு வையுங்கள்.

டேபிள் ஃபேன் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. திரையைப் பார்க்கும்போது ஏற்கெனவே இமைப்பது குறைந்துவிடும். காற்றும் சேர்ந்தால் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உலரும். காற்றை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டிலிருந்து வரவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 நொடி பார்த்துவிட்டு, நிதானமாகச் சில முறை இமைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

கேள்வி: உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நாற்காலி தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. புதிதாக வாங்க வேண்டுமா?
*வாசகர், சேலம்*

பதில்: வேண்டாம். இருக்கைக்கு அடியில் நின்று அதை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்ட் உருளையின் சீல் போய்விட்டது, அவ்வளவுதான். உருளை தனியாகக் கிடைக்கும். நாற்காலி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் கீழ்ச் சக்கரத்தண்டிலிருந்து தட்டிக் கழற்றி மாற்றித் தருவார். பழைய உருளையின் நீளத்தை அளந்து அதே நீளத்தில் வாங்குங்கள். உள்ளே அழுத்தமான வாயு இருப்பதால் அதைத் துளையிடவோ, அறுக்கவோ, தீயில் போடவோ கூடாது.

அதுவரை சமாளிக்க, ஒன்றே கால் அங்குல பிவிசி குழாயைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, நெடுக ஒரு பக்கம் கீறி, நாற்காலியை முழுதாக உயர்த்திய பின் மெல்லிய தண்டின் மேல் விரித்துப் பொருத்துங்கள். குழாய் நிற்கும் உயரத்துக்குக் கீழே இருக்கை இறங்காது.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை. பழைய தட்டச்சு முறையில் தமிழ் அடிக்கிறேன். இடக்கைச் சுண்டுவிரலும் வலக்கை மணிக்கட்டும் வலிக்கின்றன.
*வாசகர், புதுச்சேரி*

பதில்: இரண்டும் வேறு வேறு வலி. சுண்டுவிரல் வலிக்கு ஷிஃப்ட் விசைதான் காரணமாக இருக்கும். தட்டச்சு முறையில் பல எழுத்துகளுக்கு ஷிஃப்ட் தேவை. அதற்குப் பதிலாகத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறைக்கு மாறலாம். அதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் பிரிந்திருக்கின்றன. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான் பெரும்பாலும் ஷிஃப்ட். க விசையை இரண்டு முறை அடித்தால் "க்க" என்று புள்ளி தானே விழும். பழகும் வரை வேகம் குறையும் என்பது உண்மை. அவசர வேலை இல்லாத காலமாகப் பார்த்து மாறுங்கள், ஆனால் மாறிவிடுங்கள்.

மணிக்கட்டுக்கு மவுஸ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். வலப்பக்கம் எண் விசைகள் உள்ள பெரிய கீபோர்டு மவுஸைத் தூரத் தள்ளிவிடுகிறது. எண் பகுதி இல்லாத கீபோர்டு வாங்கி, ஜி, ஹெச் விசைகள் தொப்புளுக்கு நேராக வரும்படி வையுங்கள். கீபோர்டின் பின்னால் உள்ள கால்களை மடக்கிவிடுங்கள். அவை மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கும். கட்டை விரல் முதல் நடுவிரல் வரை இரவில் மரத்துப்போனால் மேசையைச் சரிசெய்துகொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்து வேலை செய்யலாமா?
*வாசகி, கும்பகோணம்*

பதில்: பழக்கம் உள்ளவர் அரைமணி, முக்கால் மணி செய்யலாம். பிட்டத்துக்குக் கீழே 10 செ.மீ. கெட்டித் திண்டு வைத்தால் இடுப்பு முழங்காலைவிட உயர்ந்து முதுகு நிமிரும். அப்போது 30 செ.மீ. உயரப் பலகை கைக்குச் சரியாக வரும். முழங்கால் வலி உள்ளவருக்கு இது வேண்டாம்.

கேள்வி: சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் சுர்ரென்கிறது. ஆபத்தா?
*வாசகர், நாகர்கோவில்*

பதில்: பெரும்பாலும் எர்த் இல்லாததால் வருவது. அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டி வழியாக மிகச் சிறிய கசிவு மின்சாரம் லேப்டாப்பின் உலோக உடலுக்கு வரும். எர்த் கம்பி இருந்தால் அதில் போய்விடும். இரண்டு முள் பிளக், அல்லது எர்த் இல்லாத மலிவு எக்ஸ்டென்ஷன் பெட்டி நடுவில் இருந்தால், அதைத் தவிர்த்துவிட்டு மூன்று முள் வயரைச் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சுர்ரென்றால் வீட்டு எர்த்திலேயே கோளாறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் 230 வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாஷிங் மெஷினும் கிரைண்டரும் அதே எர்த்தை நம்பித்தான் ஓடுகின்றன என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.