பாலத்தின் மேல் சுற்றும் ராட்டினம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சீனப் பயணம் பற்றிய பதிலில், தியான்ஜின் நகரத்தில் ஆற்றுப் பாலத்தின் மேலேயே ஒரு ராட்சத ராட்டினம் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பாலத்துக்குப் பக்கத்திலா, நிஜமாகவே பாலத்தின் மேலேயா? (வாசகர், ஈரோடு)

நிஜமாகவே மேலேதான். நகரத்தின் நடுவே ஓடும் ஹாய் ஆற்றைக் கடக்கிற யோங்லே பாலத்தின் நட்டநடுவில் நிற்கிறது. 2008ல் திறந்தார்கள். சக்கரத்தின் விட்டம் 110 மீட்டர், உச்சிக்குப் போனால் 120 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். பாலம் இரண்டு அடுக்கு, மேலே வண்டிகள், கீழே நடந்து போகிறவர்கள். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பஸ்ஸும் காரும் போய்க்கொண்டே இருக்கும், அதன் அடிப்பகுதி அந்த இடைவெளியில் இறங்கி மறுபடி ஏறும். ஏறுவதற்கு முன்னால் கீழ் அடுக்கில் ஒரு பத்து நிமிஷம் நின்று அண்ணாந்து பாருங்கள், அவசரப்பட்டு வரிசைக்கு ஓடாதீர்கள். கேபின்கள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே வந்து, நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது மெதுவாக நகர்ந்து போவதை அங்கேயிருந்துதான் கிட்டத்தில் பார்க்க முடியும்.

பாலத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. யோங்லே என்பது ஒரு மிங் பேரரசரின் ஆட்சிப் பெயர். அவர் காலத்தில், 1404ல்தான், தியான்ஜின் கோட்டை நகரமானது. பேரரசர் ஆற்றைக் கடந்த துறை என்பதால் 'வானகத் துறை' என்ற பொருளில் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

பகலில் போகலாமா, இரவிலா? பெய்ஜிங்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்று டிராவல்ஸில் சொல்கிறார்கள். (வாசகி, கோயம்புத்தூர்)

திரும்பிவிடலாம், ஆனால் நான் வேண்டாம் என்பேன். பெய்ஜிங் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான், அந்த வசதியால்தான் எல்லோரும் காலையில் வந்து, மதியம் ராட்டினம் ஏறி, சாயங்காலம் நாலு மணி ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். மதிய வெயிலில் மேலேயிருந்து தெரிவது சாம்பல் நிற அடுக்குமாடிகளும் கொஞ்சம் புகைமூட்டமும். அதே இடம் பொழுது சாயும் நேரத்தில் வேறு ஊராகிவிடும்.

ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். சூரியன் மறைவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் கேபினுக்குள் இருக்கிற மாதிரி கணக்குப் போடுங்கள். அப்படி ஏறினால் ஏறும்போது வெளிச்சம், உச்சியில் செக்கர் வானம், இறங்கும்போது இரண்டு கரையிலும் விளக்கு. செப்டம்பர் கடைசியில் ஆறு மணிவாக்கில் மறையும், ஜூனில் ஏழே முக்கால் ஆகிவிடும், டிசம்பரில் ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். சக்கரம் ஆற்றுக்குக் குறுக்காக நிற்பதால் ஒரு பக்கம் ஆறு வருவதும் மறுபக்கம் போவதும் நேராகத் தெரியும். நான் பார்த்தபோது கீழே ஒரு சுற்றுலாப் படகு பாலத்துக்கு அடியில் நுழைந்தது, அது மறுபக்கம் வெளியே வரும் வரைக்கும் கேபினில் யாரும் பேசவில்லை. இதைப் பார்க்காமல் நாலு மணி ரயிலைப் பிடிப்பது எனக்கு மனசு வராத காரியம். ஒரு ராத்திரி தங்குங்கள்.

போட்டோ எடுக்கிறவர்களுக்கு ஒன்று: இருட்டியதும் கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும். போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, சுற்றி ஒரு கறுப்புத் துப்பட்டாவை மறைத்துக்கொண்டு எடுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ராட்டினம் நிற்காமல் சுற்றும் என்று கேள்விப்பட்டேன். ஏற முடியுமா? (வாசகர், திருச்சி)

தாராளமாக முடியும். நிற்காது என்பது உண்மை, ஆனால் திருவிழா ராட்டினத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். 110 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் அரை மணியில் ஒரு சுற்று என்றால், விநாடிக்கு ஒரு சாண் கூட நகராது. நான் என் பெரியம்மாவோடு போனேன். கதவு திறந்திருக்க, ஊழியர் ஒரு பெண் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இரண்டடி கூட நடந்து உள்ளே விட்டார். பெரியம்மா முதல் ஐந்து நிமிஷம் கைப்பிடியை விடவே இல்லை, அப்புறம் அவரே எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். கேபின் ஆடுவதில்லை, எப்போதும் நேராகவே இருக்கும்.

உண்மையில் முழங்காலுக்குக் கஷ்டம் வரிசைதான். மொத்தம் 48 கேபின், ஒவ்வொன்றிலும் 8 பேர், ஆக ஒரு சுற்றுக்கு 384 பேர். எல்லாமே நிரம்பினாலும், உங்களுக்கு முன்னால் 400 பேர் நின்றால் அரை மணிக்கு மேல் நிற்க வேண்டும். அக்டோபர் 1ஐ ஒட்டிய தேசிய விடுமுறை வாரத்தில் அம்மாவைக் கூட்டிப்போகவே வேண்டாம். வாரநாளாகப் பாருங்கள், வரிசைக்கு முன்பே கழிப்பறைக்குப் போய்வந்துவிடச் சொல்லுங்கள், உள்ளே அரை மணிக்கு வழியில்லை. பலமான காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் ஓட்டலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ராட்டினம் தவிர பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது? (வாசகி, காஞ்சிபுரம்)

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். ராட்டினத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் தாபெய் என்ற பெளத்த மடாலயம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, காஞ்சியைப் பற்றியும் எழுதிவைத்தாரே யுவான் சுவாங், அவருடைய மண்டையோட்டு எலும்பின் ஒரு பகுதி இந்த மடாலயத்தில்தான் இருந்தது. 1950களில் அதை நாளந்தாவுக்கென்று இந்தியாவிடம் கொடுத்தார்கள். ராட்டினத்துக்கு வருகிற கூட்டத்தில் நம் ஊர்க்காரர்கள் பலர் இது தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள். சாயங்காலம் ராட்டினம் என்றால், மதியம் இங்கே போய்விட்டு அப்படியே ஆற்றங்கரையோடு நடந்து வாருங்கள்.

நான்சாங் ராட்டினம் இதைவிடப் பெரியதாமே, அதற்குப் போகலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பெரியதுதான். தென்கிழக்குச் சீனாவின் நான்சாங் நகரத்தில், கான் ஆற்றங்கரையில் 160 மீட்டர், 2006ல் திறந்தது, 2008ல் சிங்கப்பூரின் 165 மீட்டர் சக்கரம் வரும் வரை உலகத்திலேயே உயரமானது. ஆற்றின் எதிர்க்கரையில் பழம்பெருமை வாய்ந்த தெங்வாங் மாளிகை இருக்கிறது, அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தால் விடாதீர்கள். பெய்ஜிங் மட்டும் போகிறவர் என்றால் தியான்ஜினே போதும். 40 மீட்டர் வித்தியாசத்துக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? (வாசகி, மதுரை)

வேண்டியதில்லை. தியான்ஜினின் காலை உணவே ச்யென்பிங் என்கிற பாசிப்பயறு மாவு தோசை, பெசரட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. கல்லில் மெல்லிசாக இழுத்து, மேலே முட்டையை உடைத்து ஊற்றுவார்கள், அதற்கு முன்பே 'பூ யாவ் ஜீதான்' என்று சொல்லிவிடுங்கள், முட்டை வேண்டாம் என்று அர்த்தம். உள்ளே மொறுமொறுவென்று பொரித்த மாவுத்துண்டை வைத்து மடித்துக் கொடுப்பார்கள். சாஸில் என்ன சேர்க்கிறார்கள் என்று சந்தேகமாக இருந்தால் அதையும் வேண்டாம் எனலாம். மற்ற கடைகளில் 'வோ ச்சுர் சூ', நான் சைவம். உச்சரிப்பு பிசகினால் புரியாது, அதனால் இரண்டையும் சீன எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். பணத்துக்கு அலிபே என்கிற சீனப் பணம் செலுத்தும் ஆப்பில் நம் கார்டை ஊரிலேயே இணைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது, தோசைக் கடை அம்மா வரை எல்லோரும் கியூஆர் கோடைத்தான் நீட்டுகிறார்கள்.