மதியம் வாடி, மாலையில் நிமிரும் முட்டைக்கோஸ்

கேள்வி: பர்மாவின் ஷான் மாநிலத்தில், கலோ ஊர்ப் பக்கம் மலைச்சரிவில் ஒன்றரை ஏக்கர் எனக்கு. மூன்று வருஷமாக முட்டைக்கோஸ்தான். இப்போது மதியத்தில் செடி வாடுகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சி மாதிரி வீங்கியிருக்கிறது. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு தடவை அடித்தும் பயனில்லை. விதைக்கும் உரத்துக்கும் பக்கத்து ஊர் அவுங்பானில் காய் வாங்கும் தரகரிடம் கடன். அடுத்த போகமும் கோஸ் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மருந்துக்கும் இனிமேல் காசு போடாதீர்கள். இது கிளப் ரூட் என்னும் வேர் முடிச்சு நோய். கிருமி மண்ணில் இருக்கிறது, இலையில் அடிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. வீங்கிய வேர் அழுகும்போது கிருமியின் வித்துகள் மண்ணில் கலந்து, 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதனால் வாடிய செடிகளை வேரோடு பிடுங்கிக் காயவைத்து எரித்துவிடுங்கள். குப்பைக்குழியில் போடக் கூடாது, மாட்டுக்கும் வேண்டாம். சாணத்தோடு திரும்ப வயலுக்கே வந்துவிடும்.

புளிப்பு மண்ணும் ஈரமும் இந்த நோய்க்கு ரொம்பப் பிடிக்கும். ஷான் மலையில் அடியில் சுண்ணாம்புப் பாறையே இருந்தாலும், மழை அதைக் கரைத்துக் கொண்டுபோய் மேலே இருக்கும் செம்மண் புளித்துக் கிடக்கிற இடங்கள் நிறைய. வேளாண்மைத் துறையில் மண்ணைக் கொடுத்து பி.எச். பாருங்கள்; மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு அது, எண் ஏற ஏறப் புளிப்பு குறையும். 7.2 வரை ஏறினால் நோய் நன்றாக அடங்கும். நிலம் முழுக்கச் செலவு செய்யாமல், முதலில் பத்தில் ஒரு பங்கு ஏக்கரில் 60 வீசை (சுமார் 100 கிலோ) நீர்த்த சுண்ணாம்பு போட்டுக் கிளறி, சில வாரம் ஆறவிட்டு மண்ணை மறுபடி சோதியுங்கள். யூரியாவையும் பச்சைச் சாணத்தையும் அதோடு சேர்க்க வேண்டாம், தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். நோயுள்ள பாத்தியின் தண்ணீர் கீழ்ப்பாத்திக்கு இறங்காதபடி சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டுங்கள். மண்வெட்டியைக் கழுவிய பிறகே அடுத்த பாத்திக்குப் போங்கள்.

சுண்ணாம்பு மட்டும் போதாது. காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகுக்கீரை எல்லாம் கோஸின் சொந்தம்தான், அதே நோய் வரும். அவற்றை விட்டு நாலைந்து வருஷமாவது பூண்டு, பீன்ஸ், கேரட், மக்காச்சோளம் என்று மாற்றிப் போடுங்கள். கிருமி அதற்குள் முழுக்க ஒழியாது, ஆனால் குறையும். சுண்ணாம்பு போட்ட இடத்தில் உருளைக்கிழங்கு வேண்டாம், தோலில் சொறி விழும்.

கடன்தான் உங்களைக் கோஸிலேயே கட்டிப்போடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கோஸ் முற்றினால் காத்திருக்காது, தரகர் சொன்ன விலைக்குத் தள்ள வேண்டியதுதான். பூண்டைக் காயவைத்துக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். பூண்டு விதைக்குச் செலவு கூடத்தான், அதனால் முதல் வருஷம் அரை ஏக்கர் போதும். மீதியில் பீன்ஸ் போட்டு, கொஞ்சத்தையாவது நீங்களே ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தையில் விற்றுப் பாருங்கள். தரகரிடம் ஒளிக்காமல் நோய் வந்த வேரையே கொண்டுபோய்க் காட்டி, கடனைப் பூண்டாகத் தருகிறேன் என்று கேளுங்கள். அவருக்கும் சரக்கு வேண்டும்.

அப்புறம், எப்போது கோஸுக்குத் திரும்பினாலும் வெளி நாற்று வாங்காதீர்கள். கோஸ் வகையே விளையாத இடத்து மண்ணில் நீங்களே நாற்று விடுங்கள்.