காய்ச்சல் வந்தால் உறங்கும் எச்ஐவி விழித்துக்கொள்ளுமா?

கேள்வி: எச்ஐவிக்காக டொலுடெக்ராவிர் என்ற மருந்து அடங்கிய கூட்டு மாத்திரையைப் பல ஆண்டுகளாக ஒரு வேளைகூடத் தவறாமல் எடுத்துவருகிறேன். வைரல் லோடு (ரத்தத்திலுள்ள வைரஸின் அளவு) எப்போதும் ‘கண்டறிய முடியவில்லை’ என்றே வரும். சென்ற மாதம் கடும் காய்ச்சல். அது விட்ட பத்தாம் நாள் எடுத்த பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 90 பிரதிகள் என்று வந்திருக்கிறது. உடலுக்குள் ஒளிந்திருந்த வைரஸைக் காய்ச்சல் எழுப்பிவிட்டதா? அப்படியானால் தடுப்பூசிகளையும் தவிர்க்க வேண்டுமா? இல்லை, எழுப்பி அழிப்பதே நல்லதா? உடம்பு தேறுவதற்காக இப்போது துத்தநாகம், இரும்புச்சத்து கலந்த எதிர்ப்புச்சக்தி மாத்திரையும் எடுக்கிறேன்.

பதில்: எழுப்பியிருக்கலாம். ஆனால் இந்த 90-ஐப் பார்க்கும்போது காய்ச்சலைவிட, கடைசியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, அந்த மாத்திரையைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

எச்ஐவி தன் மரபணுவை, நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சிடி4 செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அப்படிப் பாதிக்கப்பட்ட செல்களில் பெரும்பாலானவை சில நாட்களில் அழிந்துபோகும். ஒரு சிறு பங்கு மட்டும், பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்களாக மாறி ஓய்வுக்குப் போகும். வைரஸ் மரபணுவும் அவற்றோடு சேர்ந்து அடங்கிவிடும். வைரஸ் புரதம் எதுவும் உருவாகாததால் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அந்தச் செல்லை அடையாளம் தெரியாது, மருந்துக்கும் அங்கே வேலை இல்லை. ஓய்விலுள்ள சிடி4 செல்களில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இப்படி மீண்டும் பெருகும் திறனுள்ள வைரஸ் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகின்றன. மருந்தை மட்டும் நம்பி அது தானாகத் தீர்ந்துபோகட்டும் என்று காத்திருந்தால் 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இப்போது காய்ச்சல். கிருமி நுழைந்ததும் செல்கள் ஒன்றுக்கொன்று சைட்டோகைன்கள் என்ற புரதச் செய்திகளை அனுப்புகின்றன. அவற்றில் டிஎன்எஃப்-ஆல்ஃபாவை எடுத்துக்கொள்வோம். ஓய்வில் உள்ள செல்லில் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம், உட்கருவுக்கு வெளியே ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதத்தின் பிடியில் இருக்கும். டிஎன்எஃப் செய்தி வந்ததும் அந்தப் பிடி சிதைந்து, என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போகும். நம் மரபணுக்களை இயக்கத்தான் போகிறது. ஆனால் எச்ஐவி தன் மரபணுவின் தொடக்கப் பகுதியிலேயே அதற்கான இருக்கைகளை வைத்திருக்கிறது. அங்கே அது உட்கார்ந்தால் வைரஸின் ஆர்என்ஏ எழுதப்படத் தொடங்கும்.

தொடங்கும், அவ்வளவுதான். எழுதும் நொதி சில பத்து எழுத்துகளிலேயே நின்றுவிடும். அதைத் தள்ளிவிடப் பி-டெஃப்-பி என்ற புரதக் கூட்டு வேண்டும். ஓய்வு செல்லில் அது குறைவு, இருப்பதும் பூட்டிக் கிடக்கும். வைரஸின் டாட் புரதம் கொஞ்சம் உருவாகிவிட்டால் அது பி-டெஃப்-பியை இழுத்து வரும், பிறகு வேகம் பிடிக்கும். உருவாகாவிட்டால் வைரஸ் மறுபடி படுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு காய்ச்சல் எல்லா வைரஸையும் தட்டி எழுப்புவதில்லை. ஒரே செய்தி கிடைத்தாலும் சில செல்களில்தான் விழிப்பு. மற்றவற்றில் புரண்டு படுப்பதோடு சரி. போதாததற்கு டிஜிஎஃப்-பீட்டா போன்ற அடக்கும் செய்திகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன.

சரி, விழித்த வைரஸ் என்ன செய்யும்? நீங்கள் எடுக்கும் மருந்து ஏற்கெனவே செருகப்பட்ட வைரஸ் மரபணுவைத் தொடுவதில்லை. அதனால் விழித்த செல்லிலிருந்து வைரஸ் துகள்கள் வெளியே வரத்தான் செய்யும். பரிசோதனையில் எண்ணிக்கையாகத் தெரிவதும் அவைதான். ஆனால் அவை புதிய செல்லுக்குள் நுழைந்ததும், டொலுடெக்ராவிர் அவற்றின் டிஎன்ஏ அங்கே செருகப்படுவதைத் தடுத்துவிடும். ரத்தத்தில் மருந்து போதுமான அளவு இருக்கும்வரை விழிப்பு ஒரு செல்லோடு முடிந்துவிடும்.

பலரும் கவலைப்படாத, ஆனால் கவலைப்பட வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது: இன்டர்லூக்கின்-7. நினைவு செல்கள் தீர்ந்துபோகாமல் காப்பது இதன் வேலை. செல்லைச் சாகவிடாது, மெதுவாகப் பிரியவும் தூண்டும். பிரியும்போது உள்ளே உறங்கும் வைரஸ் மரபணுவும் இரண்டு பிரதியாகிவிடும், வைரஸ் விழிக்காமலே. இந்தப் பெருக்கத்தை எச்ஐவி மருந்து எதனாலும் தடுக்க முடியாது. இப்படி ஒளிந்திருக்கும் எச்ஐவியின் கையிருப்பு இத்தனை காலம் தாக்குப்பிடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

‘எழுப்பி அழிப்பது’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆராய்ச்சியாளர்களும் அந்த வழியில் போய்ப் பார்த்தவர்களே. வோரினோஸ்டாட் என்ற மருந்து உறங்கும் வைரஸின் ஆர்என்ஏவைக் கூட்டியது, கையிருப்பு குறையவில்லை. விழித்த செல் தானாகச் சாவதில்லை, அதைக் கொல்லும் செல்களோ நீண்டகால நோயில் களைத்திருக்கின்றன. இன்டர்லூக்கின்-2 ஊசி சிடி4 எண்ணிக்கையை நன்றாகவே உயர்த்தியது; ஆனால் 2009-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவில் நோயோ மரணமோ குறையவில்லை. இன்டர்லூக்கின்-15 வழியில் இப்போது ஆய்வுகள் நடக்கின்றன. அது வைரஸை எழுப்புவதோடு கொல்லும் செல்களையும் தூண்டக்கூடியது. ஆனால் இவையெல்லாம் கண்காணிப்புக்குள் நடக்கும் ஆய்வுகள். கடையில் விற்கும் எந்த ‘எதிர்ப்புச்சக்தி’ மாத்திரைக்கும் இதைச் செய்யும் திறன் கிடையாது.

அந்த மாத்திரை வேறொன்றைச் செய்யும். டொலுடெக்ராவிர் வேலை செய்வதே உலோக அயனியைப் பற்றிக்கொண்டுதான். அதே குணத்தால் குடலில் இரும்பு, துத்தநாகம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம் எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும்; பற்றியது ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். நீங்கள் ஒரு வேளையும் தவறவிட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் மருந்து முழுமையாக உடம்பில் சேராமல் போயிருக்கலாம். சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்பாகவோ 6 மணி நேரம் கழித்தோ டொலுடெக்ராவிர் எடுங்கள். இரும்பு, கால்சியம் என்றால் உணவோடு சேர்த்து இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். வெறும் வயிற்றில் கூடாது. மெக்னீசியம், அலுமினியம் கலந்த அமில முறிவு மருந்துக்கு அந்தச் சலுகையும் இல்லை, நேர இடைவெளி கட்டாயம். மூலிகைப் பொடி ஏதும் எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் காசநோயாக இருந்து ரிஃபாம்பிசின் தொடங்கப்பட்டிருந்தால் கதையே வேறு: அது டொலுடெக்ராவிரை வேகமாகக் கரைத்துவிடும், 50 மில்லிகிராம் ஒரு நாளைக்கு இருமுறை தேவைப்படும்.

90 என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் மாற்ற வேண்டாம். அடுத்த முறை மீண்டும் 50-க்குக் கீழே போய்விட்டால் அது ஒரு தற்காலிகத் துள்ளல், அவ்வளவே. ஆய்வகமும் காரணமாக இருக்கலாம்: ஜெல் உள்ள குழாயில் ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவை அதிலேயே உறையவைத்தால் செல்களிலுள்ள வைரஸ் மரபணுவும் கலந்து எண்ணிக்கை கூடும். ரத்தம் உறையாமல் காக்கும் சாதாரண ஈடிடிஏ குழாயில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தார்களா என்று கேட்பதில் தவறில்லை. முடிந்தவரை அதே ஆய்வகத்தில், அதே முறையில் மறுபரிசோதனை செய்யுங்கள். சத்து மாத்திரையின் நேரத்தை இன்றே சரிசெய்து, காய்ச்சலோ தடுப்பூசியோ முடிந்து குறைந்தது 4 வாரம் ஆன பிறகு ரத்தம் கொடுங்கள். அதற்குள் கொடுத்தால் இதே குழப்பம் திரும்ப வரும்.

மறுபரிசோதனையில் 50-க்கும் 200-க்கும் இடையே நின்றால் மருந்து எடுக்கும் முறையை இன்னொரு தடவை அலசிவிட்டுக் கண்காணிக்கலாம். 200-க்கு மேல் இரண்டு முறை வந்தால் வைரஸ் மருந்துக்கு அடங்காததாகிவிட்டதா என்று பார்க்கும் மருந்து எதிர்ப்புப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். 200-க்குக் கீழே இருக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றும் என்ற பயம் வேண்டாம்.

எக்காரணம் கொண்டும் மருந்தை நிறுத்திப் பார்க்காதீர்கள். நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு 2 முதல் 4 வாரத்தில் வைரஸ் மேலே வந்துவிடும். இடைவெளி விட்டு மருந்து எடுப்பதைச் சோதித்த ஸ்மார்ட் ஆய்வில், விட்டுவிட்டு எடுத்தவர்களிடம் நோயும் மரணமும் கூடுதலாக இருந்தன. 2006-லேயே இது தெளிவாகிவிட்டது.

தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா ஊசிகளுக்குப் பிறகு சிலருக்குச் சிறு துள்ளல் தெரியலாம், மருந்து அதைச் சமாளித்துக்கொள்ளும். உண்மையான தொற்று தரும் அழற்சி அதைவிடப் பன்மடங்கு. உயிருள்ள கிருமியைக் கொண்ட தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளுக்கு மட்டும் உங்கள் சிடி4 எண்ணிக்கை 200-க்கு மேல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.