மாமா கடையில் நாலாவது சாமான்

கேள்வி: ஐயா, நாங்கள் பெரியகல்லாற்றில் இருக்கிறோம். கணவருக்குப் பிரதேச சபையில் வேலை. பிடித்தம் போகக் கையில் வருவது 78,000 ரூபா. என் தையலில் மாதம் 12,000 போல வரும். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது, எல்லோருமாகச் சேர்ந்து டிசைனிங் பழகுவோம் என்று தொடங்கினோம். நான்கு பேருக்கும் அரிச்சுவடியே தெரியாது. கல்முனையில் கடை வைத்திருக்கும் என் அண்ணா தவணைக்கு லேப்டொப் தந்தார். பிறகு மகனுக்குப் படம் கீறும் டெப்லெட். பிறகு என் சங்கிலியை 100,000 ரூபாவுக்கு அடகு வைத்து மூன்று பேருக்கு கோர்ஸ். ஒன்பது மாதத்தில் உழைத்தது 14,500 ரூபா. அண்ணாவின் கடைக்கு மாதம் மூன்று நான்கு விளம்பரம் சும்மா செய்து கொடுக்கிறோம். போன மாதம் ஒரு கல்யாணக் காட், வீட்டில் சரியாகத் தெரிந்தது. அச்சகத்தில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் உடைந்து வந்தது. திரும்ப அடிக்க 6,500 ரூபா கைக்காசு போனது. இந்த மெசின் காணாது, 350,000 ரூபாவுக்குப் புதுசு இருக்கிறது என்கிறார் அண்ணா. பவுண் விலை ஏறியிருப்பதால் முற்பணத்துக்கு அதே சங்கிலியில் இன்னும் 90,000 எடுக்கலாமாம். சுனாமிக்குப் பிறகு எங்களைத் தூக்கி நிறுத்தியவர் அவர். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மகளோ போட்டோஷொப்புக்கு மாதச் சந்தா கட்டக் கேட்கிறாள்.

பதில்: தங்கச்சி, புது மெசின் எடுக்க வேண்டாம். அந்தக் காட் உடைந்ததற்கும் உங்கள் லேப்டொப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நடந்தது இதுவாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை பெண் பெயர்களை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அது யுனிகோட் தமிழ், அதாவது போனிலும் கணினியிலும் இப்போது பொதுவாக ஓடும் எழுத்து முறை. நீங்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டு, திருத்தக்கூடிய கோப்பாகவே அச்சகத்துக்கு அனுப்பியிருப்பீர்கள். நம் பக்கத்து அச்சகங்கள் பலவற்றில் இன்னும் யுனிகோட் இல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடுகிறது, மென்பொருளும் பழைய பதிப்பு. யுனிகோடில் ‘கொ’ என்பதை வைக்க, கொம்பை முன்னே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். பழைய போட்டோஷொப்புக்கும் பழைய கோரல் டிரோவுக்கும் அது ஒழுங்காக வராது. ஐந்து லட்சத்துக்கு மெசின் வாங்கினாலும் அந்தக் கொம்பு பின்னால்தான் நிற்கும்.

இதற்கு மருந்து காசில்லாமலே இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழை உடைக்காமல் காட்டும். வேலை முடிந்ததும் எழுத்துகளைத் தெரிவு செய்து, ‘பாத்’ மெனுவில் ‘ஒப்ஜெக்ட் டு பாத்’ கொடுங்கள். எழுத்து அப்போது வெறும் உருவமாகிவிடும். பிறகு பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் அச்சகத்தில் எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியை வேறாகச் சேமியுங்கள், ஏனென்றால் பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது. 6,500 ரூபா போன இடம் இதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்ததும் இந்த இடம்தான். கை திருந்தாத ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் ஒரு சாமானை வாங்கியிருக்கிறீர்கள், அதுவும் கடனுக்கு. மகனுக்குக் கோடு சரியாக வரவில்லை, டெப்லெட் வந்தது. வேலை விளங்கவில்லை, சங்கிலி போய் கோர்ஸ் வந்தது. இப்போது எழுத்து உடைந்திருக்கிறது, புது மெசின் வாசலில் நிற்கிறது.

கணக்கைப் பார்ப்போம், எல்லாம் உத்தேசமாக. அனுப்பிய தவணைச் சீட்டுகளின்படி லேப்டொப்பின் கைக்காசு விலை 220,000. முற்பணம் 40,000 போக மீதி 180,000க்கு வருடம் 24 வீதம், இரண்டு வருடம். வட்டி மட்டும் 86,400. மாதம் 11,100. மாதாமாதம் கடன் தொகை குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி முழு 180,000க்கும் போடப்படுகிறது. குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் போட்டால் இது 40 வீதத்தைத் தாண்டுகிறது. உங்கள் அண்ணா ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஊரில் பல தவணைக் கடைகளில் கணக்கு இப்படித்தான். டெப்லெட்டுக்கு மாதம் 4,000. ஆக 15,100. புது மெசின் அதே வட்டியில் வந்தால் இன்னொரு 16,000. அடகு வட்டி வேறு. வீட்டுக்கு வரும் 90,000 ரூபாவில் மூன்றிலொன்றுக்கு மேல் அண்ணாவின் கடைக்குப் போகும். ஒரு காட்டுக்கு 1,500 வாங்கினால், தவணை கட்டவே மாதம் 21 காட் செய்ய வேண்டும். இப்போது சராசரி ஒன்றுதான் செய்கிறீர்கள்.

அப்புறம், மகள் கேட்ட மாதச் சந்தா. போட்டோஷொப்பைச் செய்யும் அடோபி நிறுவனம் 2013 முதல் அதன் புதுப் பதிப்புகளைச் சந்தாவுக்குத்தான் கொடுக்கிறது. மாதாமாதம் கட்டும் வருட ஒப்பந்தத்தை 14 நாளுக்குப் பிறகு முறித்தால் மீதித் தொகையில் பாதியைக் கேட்பார்கள். வெளிநாட்டுச் சந்தா எதுவானாலும் அதன் விலைக்கு அடியில் டொலர் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். ரூபாவில் உழைக்கிற குடும்பம் பழகும் காலத்தில் இதைத் தலையில் ஏற்றக் கூடாது. ‘ஒரே மாதத்தில் ஆயிரம் டொலர்’ என்று முகநூலில் வரும் ஏஐ டிசைன் வகுப்புகளையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இருக்கிற லேப்டொப் போதும். மகன் கிரிட்டா என்ற படம் கீறும் மென்பொருளில் கீறட்டும், அதுவும் இலவசம், அவனுடைய டெப்லெட்டுக்கு ஏற்றது. மகள் இங்க்ஸ்கேப்பை மட்டும் பிடிக்கட்டும். அதன் ‘ஹெல்ப்’ மெனுவுக்குள்ளேயே பாடங்கள் இருக்கின்றன. நீங்கள் சட்டை வெட்டுகிறவர், அளவும் இடைவெளியும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். மகள் செய்ததை நீங்கள் பாருங்கள், எழுத்துப் பிழையைக் கணவர் பார்க்கட்டும். நான்கு பேரும் நான்கு மென்பொருளில் கை வைப்பதால்தான் ஒன்றும் படியவில்லை. மகளுக்கு இதில் உண்மையான விருப்பம் இருந்தால் கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கட்புலக் கலையைப் பட்டமாகவே அங்கு படிக்கலாம், அரச பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணமும் இல்லை. விண்ணப்பக் காலத்தைத் தவற விடாதீர்கள்.

சரி, அண்ணா. அவர் செய்தது பெரிய உதவி. அந்த நன்றியை வட்டியாகக் கட்டித் தீர்க்க முடியாது, அவரும் அதைக் கேட்கவில்லை. தங்கச்சி மறுக்காததால் சாமான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். கணவரை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். “அண்ணா, இப்ப இருக்கிறதக் கட்டி முடிக்கிற வரைக்கும் எனக்கு வேற ஒண்டும் வேணாம்” என்று சொல்லுங்கள். சங்கிலி விசயத்தைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். பிறகு விளம்பர வேலையைச் சொல்லுங்கள். ஒன்றுக்கு 1,000 ரூபா என்று வைத்தால் மாதம் 3,000, 4,000 வரும். அதை 11,100இல் கழிக்கக் கேளுங்கள். வெளியில் செய்தால் அவரும் காசு கொடுத்துத்தான் செய்ய வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். கழித்ததை ஒரு கொப்பியில் இருவருமே எழுதி வையுங்கள்.

டெப்லெட்டுக்கு இன்னும் ஆறு தவணை இருக்கிறது. அது முடிந்த மாதத்திலிருந்து அந்த 4,000 ரூபாவையும், விளம்பரத்தில் கழியும் காசையும் சேர்த்து அடகுக்குப் போடுங்கள். கிட்டத்தட்ட மாதம் 7,000 வரும். முதலில் வட்டியைத் தீர்த்துவிட்டு, மீதியை அடகுத் தொகையில் கழிக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்த மாதத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும்.