வொரெல் 1000: டிராக்கரில் புள்ளி நகரவில்லை என்றால்

வொரெல் 1000 என்ற அமெரிக்கக் கடலோரப் பாய்மரப் படகுப் போட்டியில் உங்கள் தம்பியின் படகு டிராக்கரில் (படகுகள் இருக்குமிடத்தைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடத்தில்) ஒரே இடத்தில் நிற்கிறது, காரில் போய்த் தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாதீர்கள். புள்ளியைத் தொட்டு, கடைசியாகத் தகவல் வந்த நேரத்தை முதலில் பாருங்கள். அது பழைய நேரமென்றால், படகிலுள்ள கருவியிலிருந்து சிக்னல் வரவில்லை, அவ்வளவுதான். படகு ஓடிக்கொண்டே இருக்கலாம். நேரம் புதிது, வேகம் மட்டும் இல்லையென்றால் பக்கத்துப் படகுகளைப் பாருங்கள். எல்லாமே ஊர்ந்தால் காற்று விழுந்துவிட்டது. அவர் மட்டும் நின்றால் போட்டி நடத்துபவர்களுக்குப் போன் போடுங்கள்.

நடுவழியில் காரில் துரத்துவது வீண். மணலில் நிற்பவர் கண்ணுக்குத் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர்தான். பாய்மரம் 9 மீட்டர் உயரம் என்பதால் அதன் நுனி 15 கிலோமீட்டர் வரை தெரியலாம், அதுவும் பைனாகுலரோடு, வானம் தெளிவாக இருந்தால். வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனைப் பக்கம் மணல்திட்டுகள் கடலுக்குள் வெகுதூரம் நீள்வதால் படகுகள் இன்னும் விலகியே போகும்.

ஃப்ளோரிடாவிலிருந்து வர்ஜீனியா பீச் வரை இது கட்டம் கட்டமாக நடக்கும் போட்டி. அன்றன்றைய முடிவுக் கடற்கரைக்கு முன்கூட்டியே போய்விடுங்கள். முடிந்தால் மறுநாள் புறப்பாட்டையும் பாருங்கள். அலையை உடைத்துக்கொண்டு இருவர் படகைக் கிளப்புவதுதான், என்னைக் கேட்டால், முழுப் போட்டியிலும் சிறந்த காட்சி.